பத்தாவது வாக்கியம்

பிப்ரவரி 11

அன்புள்ள வாயாடிக்கு,

வந்து இறங்கியதும் போட்ட கார்டு கிடைத்திருக்கும். அறையைத் திறந்தால் குப்பென்று நாற்றம். லீவுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஈரத் துண்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. நீ இருந்திருந்தால் அதற்கே ஒரு பாட்டுப் பாடியிருப்பாய்.

ஒரு நல்ல செய்தி. இனிமேல் நான் லிஃப்டுக்கு அடியில் படுத்து எண்ணெய் போடுகிறவன் இல்லை. இன்ஸ்பெக்டர்! கழுத்தில் அட்டை, தனி மேஜை. மற்றவர்கள் செய்த ரிப்பேரைப் பார்த்து இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுத வேண்டும். அங்கேதான் வந்தது வினை. என் முதல் ரிப்போர்ட்டை மேனேஜர் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துக் காட்டினார். அவர் படித்த விதத்தில் அறையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்ய? அன்று சாயங்காலமே போய், தலையணை கனத்தில் ஒரு இங்கிலீஷ் சொல் புத்தகம் வாங்கிவிட்டேன்.

அதோடு போகவில்லை. போன வாரம் ஆபீஸில் விருந்து. எங்கள் வெல்டர் தன் மனைவியைக் கூட்டிவந்திருந்தான். அந்தப் பெண்ணுக்கு ‘தேங்க்யூ’ தவிர ஒன்றும் வராது போலிருக்கிறது. மேனேஜர் மனைவி எதைக் கேட்டாலும் தேங்க்யூ. மேஜை முழுக்க நமட்டுச் சிரிப்பு. வெல்டர் தட்டை விட்டுத் தலை நிமிரவே இல்லை. என் மனைவிக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

உன்னை இங்கே கூட்டி வர நீ ஒரு இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும். லேசுப்பட்டதில்லை. அதனால் ஒரு ஏற்பாடு. கடிதத்துக்குப் பத்துச் சொல் அனுப்புவேன், பொருளோடு. ஒவ்வொன்றையும் வைத்து நீ இங்கிலீஷில் ஒரு வாக்கியம் எழுதி, தனித்தாளில் அனுப்ப வேண்டும். திருத்தி, மார்க் போட்டுத் தாளைத் திருப்பி அனுப்புவேன். தொடர்ந்து மூன்று தடவை பத்துக்குப் பத்து வாங்கிவிடு, மறுநாளே உனக்கு விண்ணப்பம் போடுகிறேன். சத்தியம்.

போன் வேண்டாம். கீழ்வீட்டில் அக்காதான் எடுக்கிறாள், அவளே பேசி முடித்தும் விடுகிறாள். அதோடு, பேச்சைத் திருத்தி அனுப்ப முடியாதே.

முதல் பத்து தனியாக இருக்கிறது. ‘மெட்டிகுலஸ்’ என்ற சொல்லை நன்றாகக் கவனி. சின்ன விஷயத்திலும் பிசகு வராமல் பார்த்துப் பார்த்துச் செய்வது. உன் கணவனைப் போல!

உன்
இன்ஸ்பெக்டர்

---

பிப்ரவரி 28

அன்புள்ள இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

அடேயப்பா, கழுத்தில் அட்டை வந்ததும் கடிதத்திலும் அதிகாரம் வந்துவிட்டது. எதற்கும் இரண்டு அடி தள்ளி நின்றே எழுதுகிறேன்.

நிஜமாகவே சந்தோஷம். அக்காவிடம் சொன்னேன். “அவன் சின்ன வயசுலேயே அப்படித்தான், எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிப்பான்” என்று பெருமையாகச் சொன்னார். மேனேஜர் படித்துச் சிரித்தாராமே, அவருக்குப் பல்வலி வரட்டும். எங்கள் டாக்டரம்மாவிடம் அனுப்புங்கள், ஊசி போடாமல் பிடுங்கச் சொல்கிறேன்.

உங்கள் பத்துச் சொல்லும் கிளினிக்கில்தான் படிப்பாகிறது. டாக்டரம்மா பல்லைக் குடைய, நான் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறேன். நேற்று ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடியே என்னை மிரண்டு பார்த்தார். மந்திரிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. ‘அப்ஸீக்வியஸ்’ என்று ஒன்று அனுப்பியிருக்கிறீர்களே, குழைந்து குழைந்து கும்பிடு போடுவது என்று, அதற்கு மருந்து கம்பெனி ஆள் வந்து நிற்கிற அழகை எழுதியிருக்கிறேன். எதிலும் லேசில் திருப்தியடையாத ‘ஃபாஸ்டிடியஸ்’ஸுக்கு ஆளைத் தேடி வெளியே போகவே இல்லை. கீழ்வீடு. அக்கா கண்ணில் காட்டிவிடாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். ‘தேங்க்யூ’ தவிர ஒன்றும் தெரியாத வெல்டரின் மனைவி அந்தப் பரீட்சையை எப்படித் தேறினாள்?

நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் சொல். சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, ஒரு வரி எழுதக் கூடாதா? நான் எப்படி இருக்கிறேன் என்றும் கேட்கவில்லை. கேட்டால் மார்க் குறைந்துவிடுமா?

உங்கள்
வாயாடி

---

மார்ச் 19

அன்புள்ள வாயாடிக்கு,

தாளைத் திருத்தி இணைத்திருக்கிறேன். பத்துக்கு ஏழு. முதல் தடவைக்குப் பரவாயில்லை. சிவப்பு மசியைப் பார்த்து மனம் தளராதே.

ஒரு பொதுவான குறை. நீ எழுதுவதெல்லாம் நிஜ ஆட்களைப் பற்றியே இருக்கிறது. அக்கா, மருந்து கம்பெனி ஆள், வாய் பிளந்த பெரியவர். பரீட்சையில் உன் வீட்டுக் கதையை யார் கேட்டார்கள்? கற்பனையாக எழுதப் பழகு. ராஜா, கப்பல், நீதிமன்றம் என்று எதையாவது வை. உதாரண வாக்கியம் என்றால் அதில் ஒரு கௌரவம் இருக்க வேண்டும்.

வெல்டர் மனைவி வந்த காலத்தில் சட்டம் வேறு. இப்போது மிகவும் இறுக்கிவிட்டார்கள். தெரியாததைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்காதே.

நான் சௌக்கியம். சாப்பிடுகிறேன். இப்போதெல்லாம் ரிப்போர்ட்டில் நல்ல நல்ல சொற்களாகப் போடுகிறேன். மேனேஜர் உரக்கப் படிப்பதில்லை. அந்த நிம்மதி உனக்குப் புரியாது. கதவுக்கு வெளியே நாலு பேர் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று இருந்தவன் நான்.

அடுத்த பத்து கனமானவை. ‘எஃபெமரல்’, வந்த வேகத்தில் மறைந்து போவது. ‘ரெட்டிசன்ட்’, மனதில் இருப்பதைச் சுலபமாகச் சொல்லாதவர். உனக்கு எதிர்ப்பதம் என்று வைத்துக்கொள். கடைசியாக ‘இமினென்ட்’, இதோ நடக்கப்போகிறது, வாசலுக்கு வந்துவிட்டது என்று பொருள். இந்தத் தடவை பத்து வாங்கியே ஆக வேண்டும்.

உன்
இன்ஸ்பெக்டர்

---

ஏப்ரல் 8

என் அன்புள்ள இன்ஸ்பெக்டருக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நல்லவேளை, கிழித்த காகிதத்துக்கு நீங்கள் மார்க் போட முடியாது.

சொன்னபடி ராஜா, கப்பல், நீதிமன்றம் எல்லாம் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரு ராஜா ரெட்டிசன்டாக இருக்கிறார், ஒரு கப்பல் மூழ்குகிறது, ஒரு நீதிபதி கோபப்படுகிறார். எனக்கே கொட்டாவி வந்தது. ஆனால் பத்தாவது வாக்கியத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இரண்டு தடவை படியுங்கள். என் கடிதத்தை நீங்கள் மேலோட்டமாகத்தான் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளை மட்டும்தான் எழுத்து எழுத்தாகப் படிப்பீர்கள். அதனால் அங்கேயே வைத்திருக்கிறேன்.

இங்கே டாக்டரம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அக்காவுக்குக் கூடச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு. காலையில் கிளினிக் போனதும் அந்தக் கிராம்பு எண்ணெய் வாடை ஒத்துக்கொள்ளவில்லை, வெளியே ஓடிவிடுகிறேன். டாக்டரம்மா சிரிக்கிறார்.

உடனே பதில் போடுங்கள். இந்த ஒரு தடவை சொல்லே அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே படியிறங்க ஆரம்பித்துவிடுகிறேன். இப்போது படியை மெதுவாகத்தான் இறங்க வேண்டுமாம்.

உங்கள்
வாயாடி

---

ஏப்ரல் 30

அன்புள்ள வாயாடிக்கு,

சபாஷ்! பத்துக்கு ஒன்பதரை. கையெழுத்தும் திருந்தியிருக்கிறது. நீதிபதி வாக்கியம் பிரமாதம், அப்படியே புத்தகத்தில் போடலாம்.

அரை மார்க் எங்கே போயிற்று என்று கேட்பாய். நீயே இரண்டு தடவை படிக்கச் சொன்ன அந்தப் பத்தாவது வாக்கியத்தில்தான். அவ்வளவு பெருமையாகச் சொன்னாயே என்று நானும் இரண்டு தடவை படித்தேன். ‘எங்கள் வீட்டில் ஒரு குழந்தையின் வரவு இமினென்ட்’ என்று எழுதியிருக்கிறாய். இலக்கணம் சரி. ஆனால் கற்பனையாக எழுது என்று சொல்லியும் ‘எங்கள் வீட்டில்’ என்று மறுபடி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாய். இல்லாத ஒன்றை எங்கள் வீட்டில் என்று எழுதினால், பரீட்சையில் அடுத்த கேள்வி அதைப் பற்றியே கேட்பார்கள், நீ திருதிருவென்று விழிப்பாய். ‘அரண்மனையில் ஒரு இளவரசனின் வரவு’ என்று மாற்றியிருக்கிறேன், பார்.

கிராம்பு எண்ணெய் ஒத்துக்கொள்ளாவிட்டால் மூக்கில் துணி கட்டிக்கொள். படி வழுக்குகிறதா? கைப்பிடி ஆடுகிறது என்று நான் லீவில் வந்தபோதே பார்த்தேன். அக்காவிடம் சொல்லிச் சரிசெய்யச் சொல்.

யாருக்கும் சொல்லாமல் படிக்கிறாய் என்பது நல்ல விஷயம். ஊர் வாயில் விழாமல் சாதிப்பதுதான் அழகு.

அரை மார்க்கில் போய்விட்டது, ஆகவே மூன்று தடவை என்கிற கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. அடுத்த பத்து இணைத்திருக்கிறேன்.

உன்
இன்ஸ்பெக்டர்

---

மே 27

இன்ஸ்பெக்டருக்கு,

இந்தக் கடிதத்தோடு தனித்தாள் இல்லை. அதனால் கடிதத்தையே படியுங்கள்.

உங்கள் பதில் வந்த அன்று கிளினிக்கில் உட்கார்ந்து பிரித்தேன். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே, “ஹஸ்பண்ட் என்ன சொன்னாரு? குதிச்சிருப்பாரே!” என்று கேட்டார். “ஆமா டாக்டர், ரொம்ப சந்தோஷம்னு எழுதியிருக்காரு” என்று சொன்னேன். சொல்லிவிட்டு எக்ஸ்ரே அறைக்குள் போய் நின்றுகொண்டேன். முதலில் சிரிப்புதான் வந்தது. ஐயோ, இந்த மனுஷன் இப்படியும் ஒரு மக்காக இருப்பாரா என்று. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளே தந்தி மாதிரி ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். எழுதவில்லை. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை சொல்வது, எந்தத் தாளில் சொல்வது? கிராம்பு எண்ணெய், படி, யாருக்கும் சொல்லவில்லை, டாக்டரம்மா சிரிக்கிறார். அவ்வளவும் எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி படித்திருந்தாலும் பாதியிலேயே கண்டுபிடித்து என் கன்னத்தைக் கிள்ளியிருப்பாள்.

போன வாரம் அது போய்விட்டது. கிளினிக்கில் நின்றுகொண்டிருக்கும்போதே வலி வந்தது. டாக்டரம்மா நாற்காலியில் இருந்த ஆளை அப்படியே வாயில் பஞ்சோடு உட்கார வைத்துவிட்டு, தன் காரில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரண்டு இரவு அங்கே இருந்தேன். அக்காவிடம் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

உங்கள் பிள்ளை. உங்கள் லீவில் வந்தது, நீங்கள் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டது. இதைத் திருத்தி அனுப்ப வேண்டாம்.

உங்கள் மனைவி

---

ஜூன் 16

என் அன்பானவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று இரண்டு கட்டடங்களுக்குப் போக வேண்டியது, போகவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

ஆனால் நீயும் என் பக்கம் நின்று பார்க்க வேண்டும். உதாரண வாக்கியத்தில் யாராவது இப்படி ஒரு செய்தியை எழுதுவார்களா? கற்பனையாக எழுது என்று நான்தானே சொல்லியிருந்தேன். மேலே ராஜா, கப்பல், அதன் கீழே குழந்தை. நான் என்ன ஜோசியனா? ‘எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது’ என்று தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்த விமானத்தில் வந்திருப்பேனே. குற்றம் சொல்லவில்லை. மனம் ஆறாமல் சொல்கிறேன்.

போனதைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது? நமக்கு வயது இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடு.

இனி மூன்று தடவை, பத்துக்குப் பத்து எதுவும் வேண்டாம். நேற்றே உனக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் தூதரகத்தில் உன்னை நேரில் கூப்பிடுவார்கள். பரீட்சையும் அன்றேதான். நாம் நிஜமாகவே கணவன் மனைவிதான் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். கல்யாணப் பத்திரம், போட்டோ, நாம் எழுதிக்கொண்ட கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போ.

நீ இங்கே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். வேலைக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை வீடு பார்த்திருக்கிறேன். சமையலறையில் நல்ல வெளிச்சம் வருகிறது. அக்டோபரில் மறுபடி ஆபீஸ் விருந்து இருக்கிறது, அதற்குள் நீ வந்துவிடலாம்.

வீட்டில் சும்மா படுத்திருந்தால் மனம் எங்கெங்கோ போகும். திசை திருப்ப உதவுமே என்று ஒரு பத்துச் சொல் இணைத்திருக்கிறேன். கட்டாயம் இல்லை. முடிந்தால் செய்.

என்றும் உன்
இன்ஸ்பெக்டர்

---

செப்டம்பர் 2

இன்ஸ்பெக்டருக்கு,

தூதரகத்துக்குப் போய்வந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். நீங்கள் மெட்டிகுலஸ் ஆயிற்றே.

முதலில் பரீட்சை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உன் பெயர் என்ன, எப்படி வந்தாய், பஸ்ஸிலா, வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டாள். சொன்னேன். ஒரு படத்தைக் காட்டி அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றாள். சொன்னேன். “யூ பாஸ்” என்றாள். அவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை இல்லாமல், கடினமான சொற்கள் எதுவும் கேட்கமாட்டீர்களா என்று கேட்டேன். “மனைவிமார்களுக்கு எப்பவுமே இதுதாம்மா. பத்து வருஷமா இதே படந்தான்” என்று பக்கத்து கவுன்டர் ஆள் தமிழிலேயே சொன்னார். அவர்கள் சட்டத்தை இறுக்கவே இல்லை. நீங்கள்தான் இறுக்கினீர்கள். வெல்டர் தன் மனைவியோடு அந்த மேஜையில் உட்கார்ந்து அவமானப்பட்டான், சரி. ஆனால் கூட்டிப்போய் உட்கார வைத்துக்கொண்டான்.

அடுத்து ஒரு அதிகாரி. வயதானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். கடிதக் கட்டைக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் நம் கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, இங்கிலீஷில் இருந்த அந்தத் திருத்திய தாள்களை மட்டும் எடுத்துப் படித்தார். சிவப்பு மசியைப் பார்த்து, “யார் இவர், உங்கள் டியூஷன் மாஸ்டரா?” என்று கேட்டார். என் கணவர் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

அந்த ஏப்ரல் தாளில் நிறுத்திவிட்டார். விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். அரண்மனை, இளவரசன் என்று நீங்கள் மேலே எழுதியிருந்ததை விலக்கி அடியில் இருந்ததைப் படித்தார். பிறகு நிமிர்ந்து, “குழந்தை எங்கே?” என்றார்.

யோசித்துப் பாருங்கள். என்னை முன்னே பின்னே பார்த்திராத மனுஷர். என் பாஷை தெரியாதவர். தினம் நூறு பேர் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிச் சலித்துப்போனவர். அவருக்கு அது செய்தியாகத் தெரிந்தது.

சொன்னேன். இங்கிலீஷில்தான் சொன்னேன், தடுமாறவே இல்லை. உங்களுக்குப் பெருமையாக இருந்திருக்கும். “உங்கள் கணவர் இதற்கு என்ன பதில் எழுதினார்?” என்று கேட்டார். அரை மார்க் குறைத்தார் என்றேன். பேனாவை மூடிக் கீழே வைத்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் முத்திரையைக் குத்தி என் பக்கம் தள்ளினார்.

விசா கிடைத்துவிட்டது. நான் வரப்போவதில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் ஜூன் மாதமே ஆறிவிட்டது. ‘போனதைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது’ என்று எழுதினீர்களே, அதைப் படித்ததோடு ஆறிவிட்டது. அதற்குக் கீழே மறுபடி பத்துச் சொல். மேனேஜர் உங்கள் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டிச் சிரித்தபோது எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மேனேஜரைத்தான் நீங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து என் தலைமாட்டில் உட்கார வைத்தீர்கள். நாளைக்கு அங்கே வந்து, நல்ல வெளிச்சம் வருகிற அந்தச் சமையலறையில் நின்று, எனக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொன்னால், அதையும் காது கொடுத்துத் திருத்துவீர்கள். என்னால் முடியாது. இரண்டு வருஷமாக உங்களோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றையும் நான் கேட்டதில்லை. இப்போது அதுவும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. தோன்றியது என்பது கூடத் தப்பு, தெளிந்துவிட்டது.

மாடி வீட்டை விட்டு வந்துவிட்டேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அவன் என் தம்பிதான், இருந்தாலும் நீ போ” என்று சொல்லிவிட்டு அழுதார். டாக்டரம்மா புதிதாக இன்னொரு கிளினிக் திறந்திருக்கிறார், அதன் பொறுப்பு என்னுடையது. பின்னாலேயே ஒரு அறை. பாத்திரம், கட்டில் எல்லாம் உங்கள் வீட்டில் அப்படியே இருக்கின்றன. என் துணியை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். பத்திரம் எழுதுவது, பிரிவது எல்லாம் எப்படி என்று நீங்களே விசாரித்து அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. நான் எழுந்து கதவருகே வந்தபோது அந்த அதிகாரி கூப்பிட்டார். கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, பையனா பெண்ணா, ஆஸ்பத்திரியில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். சொல்லியிருந்தார்கள். அவரிடம் சொன்னேன்.

நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. இனிக் கேட்டாலும் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
கிளினிக் பின்னறையிலிருந்து